முன்னால் போன பை

எங்கள் பயணம் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. இவர் கையிலிருக்கும் போனில் ஒரு மஞ்சள் கார், எறும்பளவு, திபிலிசி நகரத்தின் ஆற்றோரச் சாலையில் நகர்கிறது. அதன் தலைக்கு மேலே 'உங்கள் பயணம் தொடங்கிவிட்டது' என்று ஒரு வரி. தொடங்கியது உண்மைதான். அந்த டாக்சியின் பின்னிருக்கையில் கைக்குழந்தை பொழிலனின் நீலப் பை மட்டும் தனியாக உட்கார்ந்து விமான நிலையத்துக்குப் போகிறது. நாங்கள் நான்கு பேரும் பின்னால் இன்னொரு டாக்சியில், பெட்டிகளுக்கு நடுவே மடங்கி, அந்த எறும்பைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். "பாத்தியா மங்கை, உன் பைக்கு ஜன்னல் சீட்டு. நமக்கு முட்டி தாடையில இடிக்குது" என்று முன்னிருக்கையிலிருந்து திரும்பிச் சிரிக்கிறார். "டயப்பர் நாலு, பால் பவுடர் ஒரு டப்பா, காது அறுந்த முயல் ஒண்ணு. கடத்திட்டுப் போறவன் ரொம்பப் பாவம்டி." சொல்லிவிட்டு, தோளில் குறுக்காகத் தொங்கும் கறுப்புப் பையை ஒரு தட்டு தட்டிக்கொள்கிறார். பாஸ்போர்ட் அதற்குள் இருக்கிறது என்ற தெம்பு. இல்லை. நான்கு பாஸ்போர்ட்டும் நீலப் பையில் இருக்கின்றன. எடுத்து வைத்தது நான். ஒன்றே முக்காலுக்கு விமானம், மணி இப்போது பத்து ஐம்பத்தெட்டு. இதை இவரிடம் சொல்லியாக வேண்டும். அடுத்த சிக்னலில் சொல்லிவிடலாம். அதோ சிக்னல், சிவப்பு. சிவப்பில் சொன்னால் நன்றாக இருக்காது என்று தோன்றுகிறது. பச்சை வந்ததும் சொல்லலாம். பச்சை வந்ததும் கார் கிளம்பிவிட்டது, கிளம்பிய வேகத்தில் சொல் பின்னாலேயே நின்றுவிட்டது, அங்கே மாதுளம்பழச் சாறு பிழிகிற ஒரு பெண்ணின் வண்டிக்குப் பக்கத்தில்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். எல்லாம் இந்த ஒரு வரியில் ஆரம்பித்தது. "இது திபிலிசி ராகுகாலமா, திருச்சி ராகுகாலமா?" என்று நேற்றே கேட்டார் இவர். "இங்க ஒன்றரை மணி நேரம் பின்னாடி. ராகுவும் லேட்டாத்தான் வருவாரா? அவருக்கு விசா இருக்கா?" நான் எம்.ஏ. படித்தவள், கல்லூரியில் ஆறு வருஷம் இலக்கணம் நடத்தியவள், ராகுகாலத்தில் தாலி கட்டச் சொன்னாலும் கழுத்தை நீட்டியிருப்பேன் என்று ஒரு காலத்தில் வாய்கிழியப் பேசியவள். பொழிலன் ஏழாம் மாதத்தில் பிறந்த பிறகுதான் காலண்டரைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். பயந்தவளுக்குக் காலண்டர் சுலபமான துணை, கேள்வி கேட்காது. இன்று பத்து இருபதுக்கு டாக்சி வந்து நின்றுவிட்டது. நாங்கள் மூன்றாம் மாடியில், ஐந்து நாள் சுற்றுலாவுக்கு எடுத்த, லிப்ட் இல்லாத வீட்டில். மகள் நறுமுகையின் ஒரு ஷூவைக் காணோம். பொழிலன் அப்போதுதான் கழுத்து வரை நனைத்து வைத்திருந்தான். இவர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். பத்தரைக்குள் வாசலைத் தாண்ட வழியில்லை. அப்போதுதான் அப்பாவின் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால் ஒரு பையையாவது வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின மாதிரி. அப்புறம் சாவகாசமாக, எந்த ராகு வந்தாலும் போகலாம். அப்பா எப்போதும் எங்கள் பையை எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சரிடம் கொடுப்பார். டீச்சர் அதை மாதா படத்துக்குக் கீழே வைத்துக்கொள்வார். ஆனால் அதிலும் அப்பா ஒரு கறார் வைத்திருந்தார். எது இல்லாமல் போக முடியாதோ அதைத்தான் வைக்க வேண்டுமாம். "வேண்டாத பழந்துணியை வச்சு யாரை ஏமாத்தறே?" என்பார். நான் எம்.ஏ. சேரப் போன அன்றைக்கு என் சர்டிபிகேட் அத்தனையும் டீச்சர் வீட்டில். டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பூசைக்குப் போய்விட்டார். நானும் அப்பாவும் உறையூர் தேவாலய வாசலில் செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டு நின்றோம். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை. கறுப்புப் பையிலிருந்து நான்கு பாஸ்போர்ட்டையும் உருவி, நீலப் பையில் டயப்பருக்கு அடியில் செருகி, மூன்று மாடி இறங்கி ஓடி, டாக்சியின் பின்கதவைத் திறந்து இருக்கையில் வைத்தேன். ஓட்டுநர் பையன், மெலிந்தவன், வாயில் பல்குத்தும் குச்சி. "ஏர்போர்ட்" என்றேன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன், ஐந்து நிமிஷத்தில் வருகிறோம் என்று. அவனும் ஐந்து விரலைக் காட்டினான். "ஓகே, ஓகே." பத்து இருபத்தெட்டு. என்ன நிம்மதி! படி ஏறும்போது சீட்டியடிக்கக்கூடத் தோன்றியது. இங்கே டாக்சியில் ஆளை ஏற்றாமல் சாமானை மட்டும் அனுப்புவார்களாம், சாவி, கேக், வீட்டுப் பாலாடைக்கட்டி, மறந்துபோன மாத்திரை; போய்ச் சேரும் இடத்தில் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? கீழே வந்தபோது டாக்சி நின்ற இடத்தில் ஒரு பூனை படுத்திருந்தது.

பரஸ்தானம் என்றால் பை வாசலில் நிற்க வேண்டும். என் பை ஊரையே தாண்டிவிட்டது. அப்பா இருந்திருந்தால் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா? ஒப்புக்கொண்டிருப்பார். இவ்வளவு முழுசாக யாருமே செய்ததில்லை என்று சொல்லியிருப்பார். சிரிப்பு வருகிறது, முன்னிருக்கைக்குக் கேட்காமல் அடக்கிக்கொள்கிறேன். இவர் அந்தப் பையனுக்கு மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் அவன் உற்சாகமாக "ஏர்போர்ட்! ஓகே! ஓகே!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். முதல் பயணம் முடியாமல் இரண்டாவது டாக்சி கூப்பிட முடியாது என்று போன் மறுத்துவிட்டது. தெருமுனைக்கு ஓடிப் பிடித்த வண்டி இது, ஜப்பானிலிருந்து வந்த கிழவண்டி. இந்த ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம் என்று முதல் நாளே இவருக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஊர்ப் பழக்கத்தில் இடது கதவைத் திறந்து ஓட்டுநரின் மடியில் உட்காரப் போனார். ஐந்து நாள் பழகி, இன்று கவனமாகச் சுற்றிக்கொண்டு வலது கதவைத் திறந்தால், இந்த வண்டியில் நம்ம ஊர் மாதிரி ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார்! "ஸாரிங்க, நான் ஓட்ட வரல" என்றார் இவர் சுத்தத் தமிழில். நறுமுகை விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த அவசரத்திலும் எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க நின்றுவிட வேண்டும் போலிருந்தது. இந்தப் பயணத்துக்கு முன்னால், இவர் பரிகாசம் செய்தும் அவள் சிரித்தும் எத்தனை மாதம் ஆகியிருந்தது! அந்த முப்பத்திரண்டு நாளில், கண்ணாடிப் பெட்டிக்குள் பொழிலன் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி பெஞ்சில் இவர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பேச்சை நிறுத்தாத மனிதர். பெட்டியில் ஒரு துவாரம் இருக்கும், அதற்குள் என் சுட்டுவிரலை விட்டு அவன் உள்ளங்கையில் வைப்பேன். பிடிக்க மாட்டான். பிடிக்கத் தெரியவில்லை அவனுக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் நாங்கள் எல்லாரும் நுனிக்காலில் நடந்தோம், சத்தமாகச் சிரித்தால் ஏதோ கலைந்துவிடும் என்கிற மாதிரி. இந்த ஐந்து நாளில்தான் இவர் பழையபடி ஆனார். வேறு ஒரு தெருவில், வேறு ஒரு மலையில் டாக்சி இறக்கிவிட்டுப் போனபோதும், குழந்தைக்குத் தொப்பி போடவில்லை என்று முன்பின் தெரியாத ஒரு அம்மாள் டாக்சி ஜன்னலைத் தட்டி என்னைத் திட்டியபோதும், இவர் எதையாவது சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். அதை நான் இப்போது முடித்துவைக்கப் போகிறேன். நாலு வார்த்தை. சொன்னதும் அந்த முகம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகமாக ஆகிவிடும். விமானம் போனால் இன்னொரு விமானம் வரும்.

டாக்சிக்காரருக்கு அறுபது வயதிருக்கும், ஸ்டியரிங்கைத் தொடுகிற தொப்பை, வாஜா என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். ஒவ்வொரு தேவாலயத்தைத் தாண்டும்போதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மூன்று தடவை சிலுவை போட்டுக்கொள்கிறார். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு தேவாலயம். எங்கள் ஊர் பஸ் டிரைவர்கள் கோயிலைக் கண்டால் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுகையால் ஆரன் அடிப்பார்கள். வாஜா அந்த மறுகையையும் தருவதில்லை. "கும்பிடறதெல்லாம் சரி தாத்தா, வண்டிய யாரு ஓட்டறது?" என்கிறார் என் கணவர். வாஜா தலையை ஆட்டி, "யெஸ், யெஸ், பியூட்டிஃபுல்" என்கிறார். என் மடியில் பொழிலன் என் தாலிச் சங்கிலியைச் சப்பிக்கொண்டிருக்கிறான். கனக்கிறான். தொடை மரத்துப்போகிற கனம். பக்கத்தில் நறுமுகை ஒரு மிட்டாயைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், அக்ரூட் பருப்பை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்தது, பார்த்தால் மெழுகுவத்தி. கடிப்பதை நிறுத்தி, "ம்மா" என்கிறாள். "என்னடா." "நீ காலைல அந்த நீலப் பையில..." "ஜன்னல்ல பாரு, குதிரை" என்கிறேன். குதிரை இல்லை. "எங்கம்மா?" "போயிடுச்சு." அவள் என்னைப் பார்க்கிற பார்வை ஐந்து வயதுப் பார்வையில்லை. நான் பாஸ்போர்ட்டை உருவும்போது கட்டிலுக்கு அடியில் ஷூ தேடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து என் கால் மட்டும்தான் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முன்னால் இவர் மறுபடி கறுப்புப் பையைத் தட்டிக்கொள்கிறார். இது எத்தனையாவது தடவை? திறந்து பார்த்துவிடுவாரோ என்று ஒவ்வொரு தடவையும் அந்த ஜிப்பையே பார்க்கிறேன். திறப்பதில்லை. தட்டுகிறார், அவ்வளவுதான். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு தட்டு.

நான்கு பாஸ்போர்ட். மூன்று இருக்கட்டும், நான்காவது பொழிலனுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் இவர் திடீரென்று, "இவனுக்கு ஒரு பாஸ்போர்ட் எடுப்போம்" என்றார். பைத்தியமா என்று கேட்டேன். மூச்சு விடவே மறந்துபோகிற குழந்தைக்குப் பாஸ்போர்ட்டா? "எடுத்து வைப்போம் மங்கை. எங்கயாவது போவான்ல?" தில்லைநகர் ஸ்டூடியோவில் வெள்ளைப் போர்வையில் கிடத்தி, கண் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக இவர் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி, இருபது முப்பது படம் எடுத்து, கடைசியில் ஒன்று தேறியது. அந்தப் பக்கத்தை நான் திறப்பதில்லை. விசாவுக்குக் கொடுக்கும்போதும் இவர்தான் திறந்தார். அந்தப் படம் இப்போது டயப்பருக்கு அடியில், பல்குத்துகிற ஒரு பையனின் காரில், என்னைவிட்டு எட்டுக் கிலோமீட்டர் தூரத்தில். தூரமாக இருக்கிறதே என்று ஒரு சின்ன சந்தோஷம்கூட வருகிறது, வந்துவிட்டு வெட்கப்படுகிறது. சொல்லிவிடு. அடுத்த தேவாலயத்தில் வாஜா மூன்றாவது சிலுவை போட்டு முடித்ததும் சொல்லிவிடு. ஒன்று. இரண்டு. மூன்று. "ஏங்க" என்கிறேன். அதே நொடி இவர், "அட, நம்ம வண்டி ஏர்போர்ட் போய்ச் சேர்ந்திருச்சு!" என்று போனை உயர்த்திக் காட்டுகிறார். மஞ்சள் எறும்பு நின்றுவிட்டது. நின்றது, ஒரு துடி துடித்தது, மறைந்தது. திரை முழுக்க வெள்ளை. 'பயணம் முடிந்தது. உங்கள் ஓட்டுநருக்கு எத்தனை நட்சத்திரம்?' "அஞ்சு போடலாமா? யாருமே இல்லாத வண்டிய ஒரு குலுக்கல் இல்லாம கொண்டுபோயிருக்கான்" என்கிறார். முடிந்தது என்றால் என்ன அர்த்தம்? பையை எங்கே வைத்தான்? வைத்தானா? அடுத்த சவாரிக்காரன் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறானா? "ஏங்க, பாஸ்போர்ட் அந்தப் பையிலதான் இருக்கு. நாலும். நான்தான் வச்சேன். பரஸ்தானத்துக்கு." சொல்லிவிட்டேன். காரில் வாஜாவின் வானொலி மட்டும் பாடுகிறது, பல குரல்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி ஒரு பாட்டு.

இவர் திரும்பவில்லை. பின்தலை மட்டும் தெரிகிறது. அந்தப் பின்தலையை நான் பெஞ்சில் முப்பத்திரண்டு நாள் பார்த்திருக்கிறேன். பிறகு, "தெரியும்" என்கிறார். என்ன தெரியும்? "படியிறங்கும்போதே தெரியும். உன் பொண்ணு சொல்லிட்டா." நறுமுகை மிட்டாயின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நான் ரகசியமாத்தான் சொன்னேன்" என்கிறாள். கறுப்புப் பையை இப்போது திறந்து என் பக்கம் நீட்டுகிறார். உள்ளே நறுமுகையின் காணாமல்போன ஷூ, கிளம்பும் அவசரத்தில் கண்ணில் பட்டதை இவர் உள்ளே போட்டிருக்கிறார். அவ்வளவுதான். வழி முழுக்க இவர் தட்டிக்கொண்டு வந்தது அதைத்தான். எனக்குக் கோபம் வருகிறது, நியாயமே இல்லாத கோபம், அழுகைக்கு முன்னால் வருவது. "தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் கேலி பண்ணிட்டு வந்தீங்க?" "பின்னே? நீ மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டிருந்தே. நானும் அப்படி வச்சுக்கிட்டா புள்ளைங்க என்னத்தப் பாக்கும்?" குரல் கொஞ்சம் தணிகிறது. "அப்ப ஆஸ்பத்திரில என்னால முடியல மங்கை. ஒண்ணுமே வரல வாயில. நீ தனியா உக்காந்திருந்தே. இன்னிக்கு முடிஞ்சுது, அதான்." கையைப் பின்னால் நீட்டுகிறார். என் ஒரு கையில் பொழிலன், மறுகையைக் கொடுக்கிறேன். அவர் உள்ளங்கை தொப்பலாக வேர்த்திருக்கிறது. இந்தக் கை வேர்க்க வேர்க்கத்தான் அந்த வாய் வேடிக்கை பேசிக்கொண்டு வந்ததா? நான் கேட்டுக்கொண்டு வந்த ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், ஜன்னல் சீட்டு, கடத்தினவன் பாவம், அஞ்சு நட்சத்திரம். எல்லாமே இப்போது எடை கூடிவிட்டது. வாஜா கண்ணாடியில் எங்களைப் பார்க்கிறார். இவர் போனைக் காட்டி, கையைக் காட்டி, பை, பாஸ்போர்ட், முதல் டாக்சி என்று நடித்து விளக்குகிறார். வாஜா பெரிதாகத் தோளைக் குலுக்குகிறார். "பார்சல்? நோ பிராப்ளம். பார்சல், ஹேண்ட் டு ஹேண்ட். ஹி வெயிட்." கையிலிருந்து கைக்கு, யாரிடமாவது கொடுக்காமல் அவன் போகமாட்டான் என்கிறார். போகமாட்டான் என்பது நம்பிக்கையா, இங்குள்ள வழக்கமா? அடுத்த தேவாலயம் வருகிறது. வாஜா சிலுவை போடுகிறார். என் கணவர், ராகுவுக்கு விசா கேட்டவர், கமுக்கமாக இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்கிறார். நான் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்க்கிறேன். குதிரை! நிஜக் குதிரை, சாலையோரம் புல் மேய்கிறது. "ம்மா, உன் குதிரை வந்திருச்சு" என்கிறாள் நறுமுகை.

பதினொன்று இருபத்தெட்டு. விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவன் நிற்கிறான், பல்குத்தும் குச்சியோடு, எங்கள் நீலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முயலின் அறுந்த காது வெளியே தொங்க. ஓடுகிறேன். அவன் பையைத் தரவில்லை. ஒரு கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, போனைப் பார்த்து, எழுத்தைக் கூட்டிக் கூட்டி, "குணா... சீலான்?" என்கிறான். இவர் மூச்சிரைக்க வந்து, "நான்தான்பா அந்தச் சீலான்" என்கிறார். பையன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சதுரமாக்கிக் காட்டுகிறான். "பாஸ்போர்ட்." பார்சலை வாங்குகிறவர் அடையாளம் காட்ட வேண்டுமாம்! இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. இது நடிப்பில்லை, எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும். வாஜா நடுவில் வந்து அவர்கள் பாஷையில் ஏதோ உறுமினார். பையன் சந்தேகத்தோடு பையின் ஜிப்பைத் திறந்து, டயப்பரை விலக்கி, நான்கு நீலப் புத்தகங்களையும் எடுத்தான். முதல் படம், இவர், சரி. இரண்டாவது நான், சரி. மூன்றாவது நறுமுகை, அவள் படத்தில் இருக்கிற மாதிரியே உதட்டைக் குவித்துக் காட்டினாள், சரி. நான்காவதைத் திறந்தான். பொழிலனைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். படத்தில் விரலை வைத்து, பொழிலனின் கன்னத்தில் விரலை வைத்து, தலையை ஆட்டினான். "நோ." வாஜாவும் எட்டிப் பார்த்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். ஏழு மாதத்துக்குப் பிறகு நானும் பார்த்தேன். ஒரு உள்ளங்கையளவு முகம், கன்னம் என்று ஒன்று இல்லை, பயந்த பெரிய கண்கள் இரண்டு, கழுத்து நிற்காமல் ஒரு பக்கம் சரிந்து. அதற்குப் பக்கத்தில் என் இடுப்பில் இவன், மூன்று மடிப்புத் தொடையும் இரண்டு பல்லுமாக, பையனின் வாயிலிருக்கும் குச்சியைப் பிடிக்க எக்கிக்கொண்டிருக்கிறான். அந்நிய ஊரில் யாரோ ஒருவன் நிஜமாகவே சந்தேகப்படுகிறான், இது அந்தக் குழந்தை இல்லை என்று. இதைவிட நல்ல வார்த்தையை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. "இவன்தான்" என்றேன் தமிழில். "இவனேதான். பாருங்க, இவனேதான்." கண்ணிலிருந்து கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது, எந்த பாஷைக்காரனுக்கும் அது புரியும் போலிருக்கிறது, பையன் மறுபடி ஒரு தடவை குனிந்து, அந்தப் பெரிய கண்களையும் இந்தக் கண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு குச்சியைத் துப்பிவிட்டு முகம் மலர ஏதோ சொன்னான். "பிக்!" என்று வாஜா மொழிபெயர்த்தார், இரண்டு கையையும் அகலமாக விரித்து. "நவ் பிக்!" பையன் பையை இவர் தோளில் மாட்டினான். ஆனால் நான்காவது பாஸ்போர்ட்டை என்னிடம் தரவில்லை. கையிலிருந்து கைக்கு என்பது அவன் தொழிலின் கறார். அதைப் பொழிலனின் உள்ளங்கையில் வைத்தான். ஐந்து விரலும் மடங்கி மூடின. ராகுகாலம் முடிய இன்னும் அரைமணி இருந்தது. வாங்கிப் பையில் வைக்கலாம் என்று இழுத்துப் பார்த்தேன். பொழிலன் விடுவதாக இல்லை.